ஜெராக்ஸ் கடையிலிருந்து ஒரு விண்ணப்பம்

அனுப்புநர்: பின்வாசல் ஜெராக்ஸ் கடைக்காரன்
பெறுநர்: மாண்பமை துணைவேந்தர் அவர்கள்
பொருள்: ஏஐ வந்து பிழைப்பில் மண் விழுந்தமைக்கு நிவாரணம் கோருதல் தொடர்பாக.

பெருமதிப்பிற்குரிய ஐயா,

இருபது வருடமாகத் தங்கள் பல்கலைக்கழகத்தின் உயர்கல்விக்குத் தோள்கொடுத்து வருகிறேன். போன வருட அசைன்மென்டின் முதல் பக்கத்தை மட்டும் மாற்றி இந்த வருட அசைன்மென்ட் ஆக்கித் தருவது என் தொழில். ஒப்புமை 10 சதவீதம் வரை குற்றமில்லை என்று யுஜிசி 2018இல் விதி போட்டதும், 'ஆகவே'யை எல்லாம் 'ஆதலால்' ஆக்கி, 40 சதவீத ஒப்புமை இருந்த ஆய்வேடுகளை 9க்கு இறக்கியது இந்தக் கைதான்.

2022 நவம்பர் 30 அன்று சாட்ஜிபிடி வந்தது. நான் பக்கத்துக்கு ஐந்து ரூபாய் வாங்கிச் செய்ததை அது சும்மாவே செய்கிறது. எனக்கு மிஞ்சியது பிரின்ட் மட்டும்.

போன மாதம் ஒரு தம்பி கொண்டுவந்த அசைன்மென்டின் கடைசி வரி: 'இதை இன்னும் எளிமையாக எழுதித் தரட்டுமா?' அழித்துவிடவா என்று கேட்டேன். "யாருண்ணே அதுவரைக்கும் படிக்கப் போறா?" என்றான். பத்துக்கு ஒன்பது வாங்கினான். மறுநாள் அவனுடைய ஆசிரியர் இன்டர்னல் வினாத்தாளோடு வந்தார். அதன் அடியில்: 'விடைக்குறிப்பும் வேண்டுமா?' எந்திரம் கேட்கிறது, எந்திரமே பதில் எழுதுகிறது. மனிதர்கள் பேப்பருக்குக் காசு கொடுக்கிறார்கள்.

இதைத் தடுக்கத் தாங்கள் ஏஐ கண்டறியும் மென்பொருள் வாங்கியது வீரமான முடிவு. சாட்ஜிபிடியைப் பெற்ற ஓப்பன்ஏஐ நிறுவனமே இப்படி ஒரு கருவியை விட்டுப் பார்த்து, அது நூற்றுக்கு 26 ஏஐ எழுத்துகளைத்தான் பிடித்தது என்று ஒப்புக்கொண்டு, 2023 ஜூலையில் மூட்டை கட்டிவிட்டது. பெற்ற தாய்க்கே அடையாளம் தெரியாத பிள்ளையைத் தாங்கள் கண்டுபிடிக்கிறீர்கள்! அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகம், தன் 75,000 தாள்களில் ஒரு சதவீதத்தைத் தவறாகப் பிடித்தாலும் 750 தாள்கள் அநியாயமாக மாட்டுமே என்று கணக்குப் போட்டு அதே ஆண்டு இத்தகைய மென்பொருளை அணைத்துவிட்டது. நமக்கு அந்த இரக்கமெல்லாம் கிடையாது என்பதில் பெருமை.

மென்பொருளால் எனக்கும் ஒரு வருமானம் வந்தது. தமிழ் வழியில் படித்துவிட்டு வந்த ஒரு பிள்ளை, அகராதி பார்த்து, சின்னச் சின்ன வாக்கியமாக, பிழையில்லாத ஆங்கிலத்தில் தானே எழுதினாள். எந்திரம் எழுதியது என்று வந்துவிட்டது. அடுத்த சொல் எது என்று சுலபமாக ஊகிக்க முடிந்தால் எந்திரமாம். ஆங்கிலத்தைப் பயந்து பயந்து எழுதுகிற யாருடைய சொல்லும் அப்படித்தானே வரும்? ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2023இல் சோதித்தபோது, ஆங்கிலம் தாய்மொழியல்லாதவர்கள் எழுதிய டோஃபல் தேர்வுக் கட்டுரைகளில் சராசரியாக 61 சதவீதத்தை இத்தகைய கருவிகள் ஏஐ என்றன. அழுதுகொண்டு வந்தவளுக்கு நாலு எழுத்துப்பிழை போட்டுக் கொடுத்தேன், பிழைக்கு ஒரு ரூபாய். மனுஷி என்று சான்று கிடைத்துவிட்டது.

ஆகவே என் கோரிக்கைகள்:

1. மென்பொருளை நிறுத்திவிடாதீர்கள். பிழை வியாபாரம் இப்போதுதான் சூடு பிடிக்கிறது.

2. எழுதியவரைப் பத்து நிமிடம் எதிரே உட்காரவைத்து, 'இதை ஏன் இப்படிச் சொன்னாய்?' என்று தயவுசெய்து கேட்டுவிடாதீர்கள். அந்தக் கேள்விக்கு என் கடையிலும் பதில் இல்லை, சாட்ஜிபிடியும் கூட வந்து உட்காராது. அப்படிக் கேட்க வேண்டுமானால் ஆசிரியரும் தாளைப் படித்திருக்க வேண்டும். காலிப் பணியிடங்களையும் நிரப்ப வேண்டும். வீண் செலவு.

3. இந்த வளாகத்தின் தாள்களைக் கடைசி வரி வரை படிக்கிறவன், பிரின்ட் சரியாக விழுந்ததா என்று பார்க்கிற நான் ஒருவன்தான். அந்தப் பணியை முறைப்படி எனக்கே தந்துவிடுங்கள். யுஜிசி சம்பளம் வேண்டாம். பக்கத்துக்கு ஒரு ரூபாய் போதும். இரண்டு பக்கமும் என்றால் ஒன்றரை.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள
வாசகன்