ஆமை வீட்டில் அமீனா

ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது என்பார்கள். அமீனா ஆமையின் வீட்டுக்கே ஜப்திக்குப் போனால் என்ன ஆகும் என்று அந்தப் பழமொழிக்காரர் யோசித்திருக்க மாட்டார். கிரேட் நிக்கோபார் தீவின் தெற்கே, கலாத்தியா விரிகுடாவில் அது நடந்துவிட்டது.

முதுகில் ஏழு வரி ஓடும் ஏழுவரி ஆமை, உலகின் மிகப் பெரிய ஆமை, முட்டையிடக் கரையேறும் மணல் அது. இரவில் வரும். பின்துடுப்பால் மணலை அள்ளி அள்ளி வெளியே போட்டுக் குழி தோண்டும். முட்டையிட்டு மூடியபின், குழி இருந்த இடம் தெரியாதபடி மணலை விசிறிவிட்டுக் கடலுக்குத் திரும்பும். இதற்கென்றே 1997-இல் அந்த இடத்தைச் சரணாலயம் ஆக்கினார்கள். 2004 சுனாமி கடற்கரையையே வழித்துக்கொண்டு போனது. பிறகு மணல் திரும்பியது, ஆமையும் திரும்பியது. சுனாமியால் முடியாததை 2021 ஜனவரியில் தேசிய வன உயிரின வாரியத்தின் நிலைக்குழு ஒரே கூட்டத்தில் முடித்துவைத்தது. துறைமுகம் வர வேண்டும், சரணாலயம் ரத்து!

வயிறு எரிவது இதற்கு மட்டுமல்ல. அதே ஆண்டின் தொடக்கத்தில் அதே சுற்றுச்சூழல் அமைச்சகம் கடல் ஆமைகளுக்கான தேசியச் செயல்திட்டத்தை வெளியிட்டது. அதில் முக்கியமான இடங்களுள் ஒன்று கலாத்தியா விரிகுடா. எழுதியவர்கள் பக்கத்து அறையில் எட்டிப் பார்க்கவில்லை போலும்.

நம் நாட்டில் பாதுகாப்புக்குப் பஞ்சமே கிடையாது. 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் தேசியப் பூங்கா உண்டு, சரணாலயம் உண்டு. பின்னால் வந்த திருத்தங்களில் சமுதாயக் காப்பகமும் புலிகள் காப்பகமும் சேர்ந்தன. யானைகள் காப்பகம் என்று பலகை இருக்கும், பின்னால் சட்டம் இருக்காது. அஸ்ஸாமில் டேஹிங் பட்காய் யானைகள் காப்பகத்துக்குள் நிலக்கரி தோண்ட, 2020 ஏப்ரலில், நாடே கதவடைத்துக் கிடந்தபோது, இதே நிலைக்குழு காணொலியில் கூடிப் பரிந்துரைத்தது. கிரேட் நிக்கோபாருக்கு 2013-இல் யுனெஸ்கோவின் உயிர்க்கோளக் காப்பகப் பட்டமும் கிடைத்தது. சுவரில் மாட்ட நன்றாக இருக்கும். சரணாலயத்தில் சுள்ளி பொறுக்கினால் வழக்கு. சரணாலயத்தையே பொறுக்கிக்கொண்டால் வளர்ச்சி.

ஆமைகளை அரசு கைவிட்டது என்று யாரும் பழி சொல்லக் கூடாது. 2022-இல் மாற்று இடம் ஒதுக்கியாகிவிட்டது. லிட்டில் நிக்கோபாரில் ஆமைக்கு, மென்சால் தீவில் மெகாபோடு பறவைக்கு, மெரோ தீவில் பவளத்துக்கு என்று மூன்று புதிய சரணாலயங்கள். இனி ஆமைதான் அரசிதழ் படித்து, விலாசம் குறித்துக்கொண்டு, தீவு மாறிக் கரையேற வேண்டும். வழி தவறிப் பழைய மணலுக்கே வந்தால் அது ஆக்கிரமிப்பு.

ஒரு சின்ன சங்கடம். அந்தத் தீவுகள் காலி மனை அல்ல. நிக்கோபாரியப் பழங்குடிகளின் பாரம்பரிய நிலம். எந்தச் சட்டமும் எழுதப்படும் முன்பே, எதை எப்போது பிடிக்கலாம், எங்கே போகக் கூடாது என்று தங்கள் வழக்கத்தாலேயே அவற்றைக் காத்துவந்தவர்கள் அவர்கள். தங்களைக் கேட்கவே இல்லை என்று முறையிட்டார்கள். எப்படிக் கேட்பார்கள்? துறைமுகத்துக்கு வேண்டிய இடத்தில் பூட்டைக் கழற்றி, பழங்குடியின் வாசலில் கொண்டுபோய் மாட்டுவதற்குப் பெயர்தான் வன உயிரினப் பாதுகாப்பு. காத்தவனே இனி உள்ளே போக அனுமதி கேட்க நேரலாம். அனுமதி தருபவரோ கலாத்தியாவைக் கைகழுவிய அதே சர்க்கார்.

காட்டுக் கணக்கையும் பார்த்துவிடலாம். இந்தத் துறைமுகத் திட்டத்துக்காகச் சுமார் 130 சதுர கிலோமீட்டர் காடு போகிறது. 9.64 லட்சம் மரங்கள் விழலாம் என்று நாடாளுமன்றத்தில் சொன்னது அரசேதான். இந்த மழைக்காட்டுக்கு ஈடாக ஹரியானாவில் மரம் நடுவார்களாம். நிக்கோபாருக்கும் ஹரியானாவுக்கும் நடுவே ஒரு கடலும் முழு இந்தியாவும் கிடப்பதை யாரும் பொருட்படுத்தவில்லை. ஆகவே ஆமைகளும் தயங்காமல் ஹரியானாவுக்கு ஒரு மனு போடலாம். அங்கே கடல் இல்லையே என்ற கவலை வேண்டாம். ஒரு குழு கூடி, இருக்கிறது என்று பரிந்துரைத்துவிடும்.