வாட்டம் பார்க்கத் தெரியாத பேராண்டிக்கு

டேய் பேராண்டி, நேத்து சாயங்காலம் முக்கால் மணி நேரம் கார் பின்சீட்டுக்குள்ள தலையை விட்டுக்கிட்டு, பின்பக்கத்தை மட்டும் தெருவுக்குக் காட்டிக்கிட்டு நின்னியே, அதைத் திண்ணைல உக்காந்து வெத்தலை போட்டுக்கிட்டே பாத்தேன். காதுகுத்துக்கு வந்த சனம் பூராவும் உன்னையத்தான் விசாரிச்சுது. "பேரன் என்ன, எலி புடிக்கிறாரா?"ன்னு பால்காரன் கேட்டான். "இல்லப்பா, பிள்ளைக்கு நாக்காலி போடுறான். இஞ்சினியரிங் படிச்சவன், நேரமாகத்தான் செய்யும்"னு சொல்லி அனுப்பிவச்சேன்.

அப்பவே எந்திரிச்சு வந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அஞ்சு நிமிசத்துல முடிஞ்சிருக்கும். சொல்லலை. நீ வேர்த்து வடியுறதைப் பாக்க நல்லா இருந்துச்சு. அதோட, கேக்காம சொன்ன யோசனைக்கு இந்த வீட்டுல என்னைக்குமே மரியாதை இருந்ததில்ல. இப்ப நீயாவே வந்து கேட்டுட்ட, "தாத்தா, இந்தக் கொப்புளம் ஏன் கிறுக்குப் புடிச்சு ஓடுது?"ன்னு. சொல்றேன், உக்காரு. ஓரமா உக்காரு, அங்க எச்சில் பணிக்கம் இருக்கு.

அந்தப் பிள்ளை சீட்டுப் பக்கவாட்டுல சுண்டுவிரல் அளவுக்கு ஒரு கண்ணாடிக் குழாய், உள்ள ஒரு கொப்புளம், அதுக்கு ரெண்டு கலர்ல கோடு. அதைப் பாத்ததும் எனக்குச் சிரிப்பு வந்துருச்சுடா. அதுக்குப் பேரு ரசமட்டம். நாப்பது வருசம் உங்க பாட்டியைவிட அதுகூடத்தான் நான் அதிகமாக் குடும்பம் நடத்தியிருக்கேன். நீ பத்தாயிரக்கணக்குல குடுத்து வாங்கின சாமானுக்குள்ள கடைசியில எங்க கொத்தனார் பைல கிடந்த சரக்குதான் இருக்கு.

ரசமட்டம் பொய் சொல்லாது. ஆனா அது உன் வண்டிகூடப் பேசாது, பூமிகூடத்தான் பேசும். நீ வண்டியை எங்க நிப்பாட்டியிருந்த? வீட்டு வாசல்ல. நம்ம தெரு கண்மாய்க்கு இறங்குற தெரு. மழை பேஞ்சா ஒரு சொட்டு நிக்காது. எப்படி நிக்கும்? பஞ்சாயத்துக்கு அந்த சிமெண்டு ரோட்டைப் போட்டவனே நாந்தான். வாட்டம் குடுத்துப் போட்டேன். வண்டி மூக்கு மேட்டைப் பாத்து நின்னுச்சு. பிள்ளை சீட்டோ பின்னால பாத்த சீட்டு, பிள்ளையோட முதுகு வண்டி மூக்குப் பக்கம். மூக்கு தூக்கினா முதுகும் கூடச் சேந்து நிமிரும். அதனால கொப்புளம் "ரொம்ப நிமிந்திருக்கு"ன்னு சொல்லுச்சு. நீ அதை நம்பி, இன்னும் சாய்க்கிறேன்னு கார் பெஞ்சும் முதுகும் சேர்ற இடுக்குல ஒரு துண்டைச் சுருட்டிச் சொருகின. அது யாரு துண்டுங்கிற வழக்கைப் பின்னால எடுத்துக்கிருவோம்.

காலைல வண்டியை நெல்லு காயப்போடுற களத்துல கொண்டுபோய் நிப்பாட்டினியா, கொப்புளம் அந்தக் கோடிக்கு ஓடிருச்சு. இப்பப் பிள்ளை மல்லாக்கப் படுத்திருக்கு. (களத்துக்கும் ஒரு வாட்டம் உண்டு, அதுவும் என் கைவேலைதான். ஆனா அது மழைத்தண்ணிக்கு மட்டுந்தான் தெரியும்.) சமதரைல நிப்பாட்டாம கோணம் பாக்குறவன், தள்ளாடுற படகுல நின்னுக்கிட்டுத் தூக்குக்குண்டு புடிக்கிறவன் மாதிரி.

சரி, எவ்வளவு வாட்டம் வேணும்? இதுக்கு ஒரே நம்பரைச் சொல்லுங்கன்னு நச்சரிக்கிற. உங்க தலைமுறைக்கு எல்லாத்துக்கும் ஒரே நம்பர் வேணும். முதல்ல பிள்ளையோட கழுத்தைப் பாருடா.

பிறந்த பிள்ளைக்கு உடம்பு நீளத்துல நாலுல ஒரு பங்கு தலைதான். கழுத்து நிக்காது. அதை நிமித்தி வச்சா தலை முன்னால விழும், தாடை நெஞ்சுல குத்தும், மூச்சுக்குழல் மடங்கும். பப்பாளித் தண்டுல பீப்பீ ஊதினவந்தானே நீ? அதை நடுவுல மடக்கினா சத்தம் வருமா? அதே கதைதான். பிள்ளை அழக்கூடச் செய்யாது, அழ மூச்சு வேணும்ல. அதனாலதான் கைப்பிள்ளைக்கு 45 டிகிரிக்கு ஒட்டிச் சாய்க்கச் சொல்றாங்க.

உம் மகளுக்கு என்ன வயசு? ஒண்ணரை. நேத்துக் காதுகுத்துல ஆசாரி மீசையைப் புடிச்சு இழுத்து ஊரையே சிரிக்க வச்சவ. கழுத்து நின்னு ஒரு வருசத்துக்கு மேல ஆச்சு. அவளுக்குப் போய் கைப்பிள்ளைக் கோட்டுல வாட்டம் வச்சிருக்க! தலை நின்ன பிள்ளைக்கு நிமித்திக்கிட்டே வரணும். சுமாரா 30 டிகிரி வரைக்கும் நிமித்த இடம் குடுக்குற சீட்டு நிறைய உண்டு. ஆனா ஒண்ணு, இந்த 30-ஐச் சுவத்துலருந்து எண்ணு, தரையிலருந்து எண்ணிராத. மூலமட்டத்தை நிறுத்தி வச்சா 90. செங்குத்துக் கோட்டுலருந்து அதுல மூணுல ஒரு பங்கு சாஞ்சா 30, சரிபாதி சாஞ்சா 45. தரையிலருந்து 30-ன்னு வச்சியோ, அது சீட்டு இல்ல, கட்டில்.

"சாஞ்சிருந்தா பிள்ளைக்குச் சொகமாத்தானே இருக்கும், என்ன கெட்டுப்போச்சு?"ன்னு உன் மாமியார் கேட்டாக. சம்பந்தியம்மாகிட்ட நான் வாதாட முடியாது, பலகாரம் நின்னுபோகும். அதனால உங்கிட்டச் சொல்றேன். 50 கிலோமீட்டர் வேகத்துல போற வண்டி எதுலயோ மோதி நிக்குதுன்னு வையி. வண்டி நின்னுரும், உள்ள இருக்கிறவுக நிக்க மாட்டாக. பின்னால பாத்து உக்காந்த பிள்ளை தன் முதுகுக்குப் பின்னால இருக்கிற கூட்டுல போய் அமுங்கும். தலை, கழுத்து, முதுகு மூணையும் ஒண்ணாச் சேத்து அந்தக் கூடு தாங்கும். பின்னால பாக்க வைக்கிறதோட சூட்சுமமே இதுதான். கூடு ஓரளவு நிமிந்திருந்தாத்தான் தாங்கும். படுத்துக்கிடந்தா பிள்ளை தலைமாட்டுப் பக்கமா வழுக்கி மேல ஏறப் பாக்கும், அப்புறம் தோள்பட்டை வார் தனியாக் கிடந்து மல்லுக்கட்டணும். சாரத்துல ஏணி சாத்துறவனைக் கேட்டுப் பாரு. ரொம்பப் படுக்கச் சாத்தினா அடி வழுக்கும், ரொம்ப நிமித்தினா ஏறுனவனோட சேந்து பின்னால சாயும்.

இதெல்லாம் உங்க தாத்தன் வயித்துலருந்து எடுத்து விடலை. உம் பொண்டாட்டி போன்ல வாசிச்சுக் காட்டினா. சுவீடன்ல பெர்டில் ஆல்ட்மன்னு ஒரு வாத்தியார். ராக்கெட்டுல போறவுக மல்லாக்கச் சாஞ்சு அம்புட்டு பாரத்தையும் முதுகால தாங்குறதைப் பாத்துட்டு, பிள்ளையையும் இப்படி முதுகால தாங்க வச்சா என்னன்னு யோசிச்சாராம். 1964-லயே வோல்வோ காருல வச்சுச் சோதிச்சுப் பாத்தாக. அந்த ஊருல நாலு வயசு வரைக்கும் பின்னால பாத்துத்தான் பிள்ளை போகுதாம். அதே காலத்துல நான் உங்கப்பனைப் பெத்து, சைக்கிள் முன்கம்பில துண்டைச் சுத்தி உக்கார வச்சு ஓட்டினேன். ஒண்ணும் ஆகலைதான். ஆனவுக யாரும் திண்ணைல உக்காந்து கதை சொல்ல வரமாட்டாக.

உங்க ஆபீஸ்காரன் ஒருத்தன் "ஒரு வயசு ஆச்சுல்ல, முன்னால திருப்பிருங்க, கால் மடங்குது பாவம்"னு சொன்னானாமே. அவன் வீட்டுல டைனிங் டேபிள் இருக்கும்போல. நம்ம வீட்டுல சோறு திங்கிறதே சம்மணம் போட்டுத்தான், எவன் காலு உடைஞ்சுது? பிள்ளை காலை மடக்கிக்கிட்டு ராசா மாதிரி உக்காந்துக்கும். ஐரோப்பாவுல புது விதிப்படி செஞ்ச சீட்டுல 15 மாசம் ஆகாம முன்னால திருப்பவே கூடாது. அமெரிக்காவுல பிள்ளை டாக்டர்மாரு சங்கம் 2018-ல வயசுக் கணக்கையே எடுத்துட்டு, சீட்டு தாங்குற உயரம், எடை இருக்கிற வரைக்கும் பின்னாலயே வையுங்கன்னு சொல்லிருச்சு. நம்ம நாட்டுலயும் 2019-ல சட்டத்தைத் திருத்தி, 14 வயசுக்குள்ள பிள்ளையை பெல்ட்டோ சீட்டோ இல்லாமக் கூட்டிப்போனா 1,000 ரூபா அபராதம்னு போட்டிருக்கு. போலீஸ்காரர் உன் சீட்டுக் கோணத்தைப் பாக்க மாட்டாரு. அதை நீதான் பாக்கணும்.

தூங்குறப்ப தலை தொங்குது, உரம் விழுந்துரும்னு இன்னொரு புகாரு. மதுரை பஸ்ல நீ தூங்குற லட்சணத்தை நான் பாத்திருக்கேன், பக்கத்து ஆள் சட்டையெல்லாம் உன் எச்சில். கழுத்து நின்ன பிள்ளைக்குத் தூக்கத்துல தலை பக்கவாட்டுல சாயத்தான் செய்யும். தாடை நெஞ்சுல போய் முட்டுதான்னு மட்டும் பாரு. அதுக்காகக் கடைல விக்கிற தலகாணி, மெத்தையெல்லாம் வாங்கி வாருக்கு அடியில திணிக்காத. ஊரு வந்து சேந்தா பிள்ளையைத் தூக்கித் தூளில போடு. சீட்டோடயே வீட்டுக்குள்ள தூக்கி வந்து தூங்க வைக்கிற சோம்பேறித்தனம் வேணாம்.

இப்ப உன் வேலைப்பாட்டுக்கு வாரேன். சீட்டோட வந்த புத்தகம் எங்கன்னு கேட்டேன். டிக்கில, பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமக் கிடந்துச்சு. கல்யாணப் பத்திரிகையைக்கூட நீ பிரிச்சுப் பாத்திருப்ப. உம் பொண்டாட்டிதான் பிரிச்சு வாசிச்சா. பச்சைக் கோடு கைப்பிள்ளைக்கு, நீலக் கோடு நிமிந்து உக்கார்ற பிள்ளைக்குன்னு படம் போட்டு வச்சிருக்கான். அடியில ஒரு நெம்பு இருக்கு, நாலு படி இருக்கு, இந்தச் சீட்டுக்குத் துண்டு கிண்டு வைக்கவே கூடாதுன்னும் போட்டிருக்கான். துண்டுச் சுருளை ஒத்துக்கிற சீட்டும் உண்டாம், உன்னோடது அந்த ரகம் இல்ல. முன் சீட்டுல ஏர்பேக் இருந்தா அங்க இந்தச் சீட்டை வைக்கவே கூடாதுன்னு மண்டையோடு போடாத குறையா எழுதியிருக்கான்.

துண்டை உருவிட்டு நெம்பை ஒரு படி தள்ளி நிமித்தினோம், கொப்புளம் நீலக் கோட்டுக்கு வந்துச்சு. நீ உடனே கையைத் தட்டிக்கிட்டு எந்திரிச்ச. உக்காருன்னேன். பெல்ட்டை இறுக்கினா சீட்டு அமுங்கும், அமுங்கினா கோணம் மாறும். சுவருக்கு மட்டம் பாத்துட்டு அப்புறம் நாலு வரிசை கல்லு ஏத்திட்டு, முன்ன பாத்த மட்டமே போதும்னு போனா அது நிக்குமா? இறுக்கின பிறகு இன்னொரு தடவை பாக்கணும். பெல்ட் போற இடத்துல கையை வச்சு உலுக்கிப் பாத்தோம். ஒரு அங்குலத்துக்கு மேல ஆடக்கூடாது, உன்னது மூணு அங்குலம் ஆடுச்சு, திருவிழா சப்பரம் மாதிரி. முட்டியை ஊன்றி இறுக்கினதும் அசையலை.

இதுல உனக்கே தெரியாம ஒரு லாபமும் இருக்கு. சீட்டு நிமிந்ததும் முன்னால உம் பொண்டாட்டி சீட்டுக்கு நாலு விரக்கடை இடம் கிடைச்சிருக்கு. வரும்போது முட்டி டாஷ்போர்டுல இடிச்சு, வழிநெடுக உன்னைய வைஞ்சுக்கிட்டே வந்தாள்ல, போகும்போது கொஞ்சம் குறையும். முழுசா நிக்கும்னு நான் சொல்ல மாட்டேன்.

கிளம்பு, பொழுது ஏறுது. நாலு வழிச் சாலைல டீ குடிக்க நிப்பாட்டுவல்ல, அங்க சமதரையாப் பாத்து நிறுத்திக் கொப்புளத்தை இன்னொருக்காப் பாரு. அப்புறம் அந்தத் துண்டு. சிவப்புக் கரை போட்ட துண்டு, நேத்துலருந்து தோள்ல ஒண்ணுமில்லாம அலையுறேன், காதுகுத்துக்கு வந்த மாமன் மச்சானெல்லாம் என்ன நினைச்சிருப்பான்? கிரீஸ் கறை போகத் துவைச்சு, வர்ற வெள்ளிக்கிழமைக்குள்ள பார்சல்ல அனுப்பி வை.