கொலைக்கு ஒரு ரசீது

ஒருவனைக் குத்திக் கொன்றவன் வழக்கமாக என்ன செய்வான்? கத்தியைக் கிணற்றில் போடுவான், சட்டையை எரிப்பான், சித்தப்பா ஊருக்குப் போய் நாலு மாசம் தலைகாட்டாமல் கிடப்பான். மார்க்கஸ் ஜூனியஸ் புரூட்டஸ் காசு அடித்தார். ஒரு பக்கம் தன் முகம், மறுபக்கம் குத்திய கத்தி, கத்திக்குக் கீழே தேதி. குற்றவாளியே மனமுவந்து எழுதி, பல பிரதி எடுத்து, சம்பளமாகப் பட்டுவாடா செய்த ஒப்புதல் வாக்குமூலம் இது.

அந்தத் தங்கக் காசைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்கலாம். எடை 8 கிராம், அதாவது கிட்டத்தட்ட ஒரு சவரன். முகத்தில் லேசான தாடி, ஒட்டிய கன்னம், தூக்கம் கெட்ட பார்வை. சுற்றிலும் 'புரூட் இம்ப்' என்று லத்தீனில் சுருக்கெழுத்து. இம்ப் என்றால் இம்பெராட்டர். போரில் ஜெயித்த தளபதிக்கு வீரர்கள் கத்திக் கொடுக்கிற பட்டம். காசு அடித்துக் கொடுத்த அதிகாரி பிளிட்டோரியஸ் செஸ்டியானஸ் என்பவரும் ஓரத்தில் தன் பெயரைச் செருகிக்கொண்டார். இந்த மாதிரிக் கேஸில் பெயர் வருவதை யாராவது விரும்புவார்களா? அவர் விரும்பினார்.

திருப்பினால் இரண்டு கத்திகள், நடுவில் ஒரு குல்லா. விடுதலையான அடிமைக்குப் போட்டுவிடும் குல்லா அது. ரோமாபுரிக்கே விடுதலை வாங்கிக் கொடுத்துவிட்டோம் என்று பொருள். கத்திகள் இரண்டின் பிடியும் ஒரே மாதிரி இல்லை. ஒன்று புரூட்டஸுடையது, மற்றது கூட்டாளி காஸியஸுடையது என்பார்கள். அடியில் 'எய்ட் மார்', மார்ச் 15. கி.மு. 44-ல் சீசரைத் தீர்த்துக்கட்டிய நாள்.

புரூட்டஸ் நல்லவர் என்று ஊரெல்லாம் பேச்சு. தத்துவம் படித்தவர், கொள்கைக்காரர். இந்த நல்ல பெயருக்கு சைப்ரஸ் தீவின் சலாமிஸ் நகரத்தில் மட்டும் வாடிக்கையாளர் குறைவு. அந்த ஊர் நகராட்சிக்கு ஸ்காப்டியஸ், மட்டினியஸ் என்று இரண்டு பேர் கடன் கொடுத்திருந்தார்கள். வட்டி வருஷத்துக்கு 48 சதவீதம். ரோமானியர்களும் நம்மைப்போல மாச வட்டிக் கணக்குதான். ஆகவே சுத்தமான நாலு வட்டி. சைப்ரஸையும் உள்ளடக்கிய மாகாணத்துக்கு ஆளுநராக வந்த சிசரோ அனுமதித்ததோ ஒரு வட்டி. வசூல் சுணங்கியபோது ஸ்காப்டியஸ் குதிரைப்படையைக் கூட்டிப் போய் நகரசபைக் கட்டடத்தைச் சுற்றி வளைத்தார். உள்ளே மாட்டிக்கொண்ட உறுப்பினர்களில் ஐந்து பேர் பட்டினியிலேயே செத்தார்கள். சிசரோ விசாரித்தால், ஒரு நாள் கடிதம் வருகிறது: அந்த இரண்டு பேரும் சும்மா பினாமி, பணம் என்னுடையது, இப்படிக்கு புரூட்டஸ். சிசரோ தலையில் கை வைத்துக்கொண்டு நண்பர் அட்டிகஸுக்குப் பக்கம் பக்கமாகப் புலம்பினார். பிறகு தீர்ப்பு எதுவும் சொல்லாமல் பதவிக்காலத்தை முடித்துக்கொண்டு நழுவினார். பெரிய இடம் பாருங்கள்.

அந்தப் பெரிய இடத்துக்கு சீசர் மேல் ஏன் கோபம்? முன்னொரு போரில் எதிர்ப்பக்கம் நின்று தோற்ற புரூட்டஸை மன்னித்து, பதவியும் கொடுத்து வைத்திருந்தவர் சீசர். போதாதற்கு புரூட்டஸின் தாயார் செர்வீலியாவுக்கும் சீசருக்கும் இருந்த நட்பு ரோமில் சந்து சந்தாக அலசப்பட்ட விஷயம். ஆனால் கொள்கை அளவில் சொல்லப்பட்ட காரணம், சீசர் ராஜாவாகப் பார்க்கிறார் என்பதே. அதற்குச் சாட்சியும் இருந்தது, அதுவும் காசுதான். கி.மு. 44-ன் தொடக்கத்தில் ரோம் நாணயச்சாலை சீசர் முகத்தைப் பொறித்து வெளியிட்டது. அதுவரை அங்கே காசில் ஏற வேண்டுமானால் தெய்வமாக இருக்க வேண்டும், அல்லது செத்திருக்க வேண்டும். உயிரோடு இருக்கிற ஆள் தன் மூஞ்சியைப் போட்டுக்கொள்வது ராஜாக்களின் கெட்ட பழக்கம். சீசர் தலையில் இலைமாலையோடு போட்டுக்கொண்டார். மாலை வழுக்கையை மறைக்கும் என்பதால் அந்த மரியாதையில் அவருக்குத் தனிப் பிரியம் என்று சூட்டோனியஸ் எழுதிவைத்திருக்கிறார்.

சீசர் முகம் காசில் வந்து சில வாரத்தில் கொலை. 60-க்கு மேற்பட்டவர்கள் சதியில் சேர்ந்தார்கள், விழுந்த குத்து 23. உடலைப் பரிசோதித்த அன்டிஸ்டியஸ் என்ற மருத்துவர், உயிரை எடுத்தது மார்பில் விழுந்த ஒன்றுதான் என்றார். மிச்சம் 22-ம் வருகைப் பதிவேட்டுக்காகப் போட்டவை. அவசரத்தில் ஒருவரை ஒருவர் வேறு குத்திக்கொண்டார்கள். புரூட்டஸுக்கே கையில் காயம். பிறகு ஒருத்தர் ஈட்டியில் குல்லாவை மாட்டித் தூக்கிப் பிடிக்க, 'விடுதலை, விடுதலை' என்று தெருவில் ஓடினார்கள். ஜனங்கள் கதவைச் சாத்திக்கொண்டார்கள். நாலு நாளில் சீசரின் உயில் வெளியே வந்தது: ரோம் குடிமகன் ஒவ்வொருவனுக்கும் 300 செஸ்டர்ஸ். ஒரு படைவீரனின் நாலு மாசச் சம்பளம். செத்த பிறகும் பட்டுவாடா செய்கிற தலைவரை எதிர்த்துத் தத்துவம் பேசி ஜெயித்தவர் எந்த ஊரிலும் கிடையாது. விடுதலை வீரர்கள் மூட்டை கட்டினார்கள்.

சீசரின் தளபதி அந்தோணியும் வாரிசு ஆக்டேவியனும் படை திரட்ட, இவர்களும் கிழக்கே போய்ப் படை திரட்டினார்கள். படை என்றால் சம்பளம், சம்பளம் என்றால் காசு. காஸியஸ் ரோட்ஸ் தீவைத் துடைத்து எடுத்தார். புரூட்டஸ் லைசியா நாட்டுக்குப் போனார். ஸாந்தோஸ் நகரத்துக்காரர்கள் அவரிடம் சரணடைவதைவிடச் சாவது மேல் என்று முடிவு செய்து, ஊருக்குத் தீ வைத்துக்கொண்டு கூட்டம் கூட்டமாக மாண்டார்கள். புரூட்டஸ் அதைப் பார்த்துக் கண்ணீர் விட்டதாக புளூடார்க் சொல்கிறார். துடைத்துக்கொண்டு அடுத்த ஊரான பட்டாராவுக்குப் போய், வீட்டு நகை உட்படத் தங்கம் வெள்ளி அத்தனையும் வாங்கிக்கொண்டார். இப்படிச் சேர்ந்ததுதான் படையோடு ஊர்ந்துபோன நாணயப்பட்டறைக்குத் தீனி. தன் முகத்தைப் போட்டுக்கொண்டான் என்று ஒருவரைக் கொன்றவர், கொள்ளைத் தங்கத்தில் தன் முகத்தைப் போட்டுக்கொண்டார். கூடவே அந்தக் கொலையையும்.

கி.மு. 42 அக்டோபரில் பிலிப்பி போர்க்களம். முதல் மோதலில் தன் பக்கம் தோற்றதைப் பார்த்த காஸியஸ், புரூட்டஸ் பக்கம் ஜெயித்தது தெரியாமலேயே அவசரப்பட்டு உயிரை விட்டார். இரண்டாம் மோதலுக்கு முன் புரூட்டஸ் வீரர்களுக்கு ஊக்கமளித்தார்: நன்றாகச் சண்டை போட்டால் தெசலோனிகா, ஸ்பார்ட்டா இரண்டு நகரங்களையும் சூறையாடிக்கொள்ளலாம். விடுதலை இப்படியாகப் பரவ இருந்த வேளையில் தோற்றுப்போய், வாள் மேல் விழுந்து செத்தார். சடலத்தின் மேல் அந்தோணி தன் விலையுயர்ந்த ஊதா அங்கியைப் போர்த்தினார். அதையும் ஒருத்தன் திருடிக்கொண்டு போனான். தலையைச் சீசர் சிலையின் காலடியில் வீச ரோமுக்கு அனுப்பினார்கள். வழியில் புயல், தலை கடலுக்குள் போய்விட்டது என்கிறார் பிற்காலச் சரித்திர ஆசிரியர் காஸியஸ் டியோ. ஆக, புரூட்டஸின் தலை இன்று காசில் மட்டும்தான் இருக்கிறது.

அந்தக் காசிலும் ஜெயித்தவர்கள் கைக்குக் கிடைத்ததை உருக்கியிருப்பார்கள். வெள்ளியில் சுமார் நூறு மிஞ்சியது. தங்கத்தில் தெரிந்தவரை மூன்றே மூன்று. இந்தக் காசைப் பற்றி டியோவே தன் சரித்திரத்தில், குல்லா, கத்தி சகிதம் எழுதிவைத்துவிட்டார். பழைய ஆசிரியர் ஒருவர் பெயர் சொல்லி வர்ணித்த ரோமக் காசு அபூர்வத்திலும் அபூர்வம். காசு சேகரிப்பவர்களுக்கு வேறென்ன வேண்டும்?

அபூர்வம் என்றாலே போலியும் வரும். ஜெர்மனியில் 19-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கார்ல் வில்ஹெல்ம் பெக்கர் என்று ஒரு மகான் இருந்தார். மலிவான பழைய காசை வாங்கி, அதன் மேலேயே அபூர்வ அச்சைப் பதிப்பார். உலோகம் நிஜமாகவே பழசு, எவனும் குறை சொல்ல முடியாது. பளபளப்பு போக, இரும்புத்தூளும் கொழுப்பும் நிரம்பிய பெட்டியில் காசுகளைப் போட்டு, குதிரை வண்டியின் அச்சில் கட்டிக்கொண்டு சவாரி போவார். கிழவனார்களை உலாவ அழைத்துப் போனேன் என்று டைரியில் குறித்தும் வைத்தார். இன்று பெக்கரின் போலிகளையே தேடி வாங்குகிறவர்கள் உண்டு. அதிலும் போலி வந்துவிடுமோ என்பதுதான் என் கவலை.

தங்கக் காசு மூன்றில் ஒன்று ஜெர்மன் மத்திய வங்கியிடம் இருக்கிறது. இன்னொன்றில் துளை. அந்தக் காலத்திலேயே யாரோ புரூட்டஸ் அபிமானி கழுத்தில் தொங்கவிட ஓட்டை போட்டிருக்கலாம் என்கிறார்கள். 2022-ல் அது ஏலத்துக்கு வந்தபோது, துளை இல்லாத மூன்றாவது தம்பியைவிட நன்றாகவே விலை குறைந்து போனது. தரம் பார்ப்பவர்கள் அச்சு எவ்வளவு அழுத்தமாக விழுந்திருக்கிறது, மேற்பரப்பில் கீறல் உண்டா என்று ஐந்துக்கு இத்தனை என மார்க் போடுகிறவர்கள். பக்திக்கு மார்க் கிடையாது. 1898-ல் புதுக்கோட்டைப் புதையலில் கிடைத்த 501 ரோமத் தங்கக் காசுகளில் பெரும்பாலானவற்றில் பேரரசர் முகத்துக்குக் குறுக்கே நம்மவர்கள் உளியால் ஒரு வெட்டு போட்டு வைத்திருந்தார்கள். அவர்களிடம் அந்த மூன்றாவது தம்பி அகப்பட்டிருந்தால் பல கோடி போயிருக்கும்.

அது 2020 அக்டோபரில் லண்டனில் ஏலத்துக்கு வந்தது. ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம்: 27 லட்சம் பவுண்டு. நகைக்கடைச் சேதாரம் மாதிரி ஏலக்காரர் கமிஷன் 20 சதவீதம் சேர்த்து 32.4 லட்சம் பவுண்டு, அன்றைய மதிப்பில் சுமார் 31 கோடி ரூபாய். அடித்த காலத்தில் அது ஒரு வீரனின் 40 நாள் சம்பளம். விலை ஒரு சவரன் தங்கத்துக்கு இல்லை, கொலைக்கு. குல்லாவுக்குப் பதில் ஒரு பூங்கொத்து இருந்திருந்தால் இந்தக் கூட்டம் வந்திருக்குமா?

வில்லங்கம் பூர்விகப் பத்திரத்தில் இருந்தது. காசு ஒரு ஸ்விஸ் பிரபுவின் பழைய சேகரிப்பிலிருந்து வந்ததாகக் காகிதம் சொன்னது. காகிதம் பொய். 2023 ஜனவரியில் ஏல நிறுவன முதலாளியை நியூயார்க்கில் கைது செய்தார்கள். அவரும் பிற்பாடு குற்றத்தை ஒப்புக்கொண்டார். அவர் மட்டும் ஒப்புதலைக் காசில் அடிக்கவில்லை. 2023 மார்ச் மாதம், சீசர் செத்த தேதிக்குச் சில நாள் கழித்து, கிரேக்கத்திலிருந்து களவு போனது என்று அமெரிக்க அதிகாரிகள் காசை கிரேக்க அரசிடம் ஒப்படைத்தார்கள்.

கிரேக்கர்கள் சந்தோஷமாக வாங்கிக்கொண்டார்கள். உரியவரிடம் சேர்ப்பதுதான் முறை என்றால், ஸாந்தோஸும் பட்டாராவும் இன்று துருக்கியில் இருக்கின்றன. அவர்கள் இன்னும் மனு போடவில்லை. சலாமிஸ்காரர்கள் வராமல் இருப்பதே நல்லது, வட்டிக்கணக்கு போட ஆரம்பித்தால் மூன்று காசும் பத்தாது.