மட்டுறுத்துநர் குழுவின் மேலான கவனத்திற்கு

பெருமதிப்பிற்குரிய மட்டுறுத்துநர் ஐயாமார்களுக்கு,

தமிழ்க் கணிமைக் குழுவில் புதிதாகச் சேர்ந்த அடியேன் பணிவுடன் எழுதிக்கொள்வது. என் கேள்வி தங்கள் ஒப்புதலுக்காக இன்னும் வரிசையில் நிற்கிறது. நிற்கட்டும். நேற்று வந்தவன் மடலை எடுத்த எடுப்பிலேயே உள்ளே விட்டால் குழுவின் கௌரவம் என்னாவது?

கேள்வி சின்னதுதான். 'கொ'வில் உள்ள உயிர்க்குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் வைக்கலாம். கொம்பு, கால் என்று இரண்டாகப் பிரித்தும் வைக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று. இயல்பாக்கம் செய்யாத மென்பொருளுக்கோ வேறு வேறு. ஆகவே 'கொடி' என்று தேடினால் சில கொடிகள் அகப்படுவதில்லை. இதைத் தட்டச்சில் சரிசெய்வதா, தேடலில் சரிசெய்வதா?

முதலில் தலைப்பில் அடைப்புக்குறி இல்லை என்று திருப்பினீர்கள். போட்டேன். பிறகு எச்டிஎம்எல் வடிவம் ஆகாது என்றீர்கள். மாற்றினேன். அடுத்து, கையொப்பம் 5 வரி. 4 வரிக்குள் இருப்பது நல்லது என்று 1995-இல் வந்த இணைய நன்னடத்தை ஆவணமான ஆர்எஃப்சி 1855 சொல்வது உண்மைதான். என் வீட்டு முகவரியைத் தியாகம் செய்தேன். அதே வாரம் மூத்த உறுப்பினர் ஒருவரின் மணிவிழாவுக்கு வந்த வாழ்த்துகள், முந்தைய வாழ்த்துகள் அனைத்தையும் வாலில் கட்டிக்கொண்டு, தடையின்றி உலா வந்தன. ஐயாவுக்கு என் வாழ்த்தும். அது இன்னும் வரிசையில் இருக்கிறது.

1991 ஆகஸ்டில் மினிக்ஸ் இயங்குதளத்தின் செய்திக்குழுவில் தாங்கள் இல்லாமல் போனது உலகத்தின் பாக்கியம். லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற மாணவர், பொழுதுபோக்காக ஓர் இயங்குதளம் எழுதுகிறேன் என்று அங்கே மடல் போட்டார். 'சுயவிளம்பரம், குழுவின் பொருளுக்குப் புறம்பு' என்று திருப்பியிருப்பீர்கள். மினிக்ஸை எழுதிய பேராசிரியர் டானன்பாம், 1992 ஜனவரியில் அந்த மாணவரின் லினக்ஸைக் காலாவதியானது என்று சாடினார். பேராசிரியர் என்பதால் அது மட்டும் உடனே வெளிவந்திருக்கும். மாணவரின் மறுமொழி? வரிசையில்.

ஒரு சிக்கல். என் கேள்வியைத் தனியாகவும் ஓர் அன்பருக்கு அனுப்பியிருந்தேன். அவர் மட்டுறுத்தலுக்கு அப்பாற்பட்டவர். அவருடைய விடை நேரே குழுவுக்கு வந்துவிட்டது. "யார் கேட்டது?" என்று அவரைப் பலர் கடிந்துகொண்டிருக்கிறார்கள். எனவே தயவுசெய்து என் கேள்வியை இனி வெளியிட வேண்டாம். வெளியிட்டால், ஏற்கெனவே பேசியாயிற்று, பழைய மடல்களில் 'கொடி' என்று தேடிப் பார் என்பீர்கள்.

இப்படிக்கு,
ஒப்புதலுக்குக் காத்திருக்கும் உறுப்பினர்