டிரங்குப் பெட்டிக்குள் முறுக்குக்கு இடமுண்டா?

இந்த வாரத் தபாலில் பாதி ராணுவம். அக்னிவீர் தேர்வில் ஜெயித்துப் பயிற்சிக்குக் கிளம்பக் காத்திருக்கும் பிள்ளைகளும், அவர்களைவிட அதிகமாகப் பதறும் வீட்டாரும் எழுதியிருக்கிறார்கள். மற்ற கேள்விகள் வரிசையில் நிற்கட்டும், பட்டாளத்துக்கு முதலிடம்.

? மகனுக்கு ராணுவத்தில் கிடைத்துவிட்டது. என்னென்ன வாங்கிக் கொடுத்தனுப்ப வேண்டும்?
– ஓர் அம்மா, உசிலம்பட்டி

வாழ்த்துகள் அம்மா. கடைக்குக் கிளம்புவதற்கு முன் ஒரு காரியம் செய்யுங்கள். ஆள்சேர்ப்பு அலுவலகம், அதாவது ஏ.ஆர்.ஓ., கொடுத்த தாளை எடுத்து மகனை உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு பயிற்சி மையமும் தனித்தனிப் பட்டியல் வைத்திருக்கிறது. பக்கத்து வீட்டுப் பையன் போன வருடம் கொண்டுபோனது உங்கள் மகனுக்குப் பொருந்த வேண்டியதில்லை.

சீருடை, பூட்ஸ், கம்பளி, படுக்கை எல்லாம் அரசாங்கமே தரும். வீட்டிலிருந்து போக வேண்டியவை சில்லறைச் சாமான்கள்தான்: உள்ளாடை, பனியன், துண்டு, சவரப் பொருட்கள், சோப்பு, ரப்பர் செருப்பு, நகவெட்டி, ஊசி நூல், ஷூ பாலிஷும் பிரஷும், நல்ல பூட்டு இரண்டு. இதில் உள்ளாடையை மட்டும் தாராளமாக வாங்குங்கள். மழை பிடித்துக்கொண்டால் துவைத்தது லேசில் காயாது. ஈர ஜட்டியோடு அணிவகுப்பில் நிற்பதை எந்தப் பட்டியலும் வீரச் செயலாகக் கணக்கில் எடுப்பதில்லை.

டிரங்குப் பெட்டியை இங்கேயே வாங்குவதா, அங்கே போய் வாங்குவதா என்பதையும் அந்தத் தாளே சொல்லிவிடும்.

? முறுக்கு, அதிரசம், மாங்காய் ஊறுகாய்?
– அதே அம்மா (கடிதத்தின் பின்பக்கத்தில்)

முறுக்கும் அதிரசமும் ரயிலிலேயே தீருகிற அளவுக்கு. கூடப் போகிற பையன்களுக்கும் சேர்த்துக் கட்டுங்கள். முதல் நட்பு அந்தப் பொட்டலத்திலிருந்துதான் தொடங்கும். ஊறுகாய் பாட்டில் மட்டும் வேண்டாம். பெட்டிக்குள் எண்ணெய் கசிந்தால் முதலில் நனைவது புதுப் பனியன்.

? என் பெயர் ஆதாரில் அப்பா பெயரோடு முழுசாக இருக்கிறது. மதிப்பெண் சான்றிதழில் வெறும் இனிஷியல். பிரச்சினை வருமா?
– இனிஷியல்காரன், திருவண்ணாமலை

இந்த வாரத்தின் உருப்படியான கேள்வி இதுதான். மற்றவர்கள் எல்லாம் பெட்டியைப் பற்றிக் கவலைப்படும்போது நீங்கள் ஒருவர்தான் காகிதத்தைப் பற்றிக் கவலைப்பட்டிருக்கிறீர்கள்.

பிரச்சினை வரும் தம்பி. நம் ஊர் இனிஷியல் வடக்கே பலருக்குப் புதிர். முன்னால் ஒரு எழுத்தைப் போட்டுவிட்டு அதுதான் அப்பா என்றால் அவர்களுக்குப் புரிவதில்லை. ஓர் இடத்தில் எஸ். முருகன், இன்னொரு இடத்தில் முருகன் எஸ்., வங்கியில் முருகன் செல்வம், பான் அட்டையில் செல்வம் முருகன் என்று இருந்தால், கணினியின் கண்ணுக்கு நான்கு முருகன்கள். சம்பளம் ஒருவருக்குத்தான் வரும்.

ராணுவத்துக்கு அடிப்படை பத்தாம் வகுப்புச் சான்றிதழ். பெயர், பிறந்த தேதி, அப்பா பெயர், அம்மா பெயர் ஆகியவை அதில் எப்படி இருக்கின்றனவோ, மற்ற எல்லா ஆவணங்களையும் அப்படியே மாற்றுங்கள். ஆதாரைச் சான்றிதழுக்கு ஏற்றபடி திருத்துங்கள்; தலைகீழாகச் செய்யப் போகாதீர்கள். ஆதாரில் பெயரை வாழ்நாளில் 2 தடவைதான் திருத்தலாம். பிறந்த தேதியை ஒரே தடவை. ஆகவே இ-சேவை மையத்தில் கம்பீரமாக உட்கார்ந்து, ஒவ்வோர் எழுத்தையும் நீங்களே பார்த்த பிறகு “சரி” சொல்லுங்கள்.

அம்மாவின் ஆதாரையும் வங்கிப் புத்தகத்தையும் கூடவே பாருங்கள். காப்பீட்டுக்கும் சேமிப்புக்கும் வாரிசாக நீங்கள் எழுதிக் கொடுக்கப்போகிற பெயர் அதுதான். சான்றிதழில் “லட்சுமி”, ஆதாரில் “லெட்சுமி” என்றால் அலைச்சல் உங்களுக்கில்லை, அம்மாவுக்கு.

சாதிச் சான்று, இருப்பிடச் சான்று, நன்னடத்தைச் சான்று, மணமாகாதவர் சான்று எல்லாவற்றுக்கும் அசலோடு பல நகல்கள். பாஸ்போர்ட் அளவு புகைப்படம் கட்டாகவே வையுங்கள். பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கைப்பையில் எடுத்துப் போங்கள், பெட்டியில் அல்ல.

? மணமாகாதவர் சான்று எதற்கு? காதல் இருந்தால் செல்லுமா?
– பெயர் வேண்டாம், கும்பகோணம்

செல்லும். அரசாங்கம் கேட்பது தாலி கட்டிய விவரம் மட்டும். அக்னிவீராக இருக்கும் நான்கு வருடமும் கல்யாணம் கூடாது என்பது நிபந்தனை. அந்தப் பெண்ணிடம் இதை நீங்களே சொல்லிவிடுங்கள். அவர் இந்தப் பத்தியைப் படித்துத் தெரிந்துகொள்வது நன்றாக இருக்காது.

? கைபேசி கொண்டுபோகலாமா?
– ரீல்ஸ் ராஜா, ஈரோடு

கொண்டுபோனாலும் ஆரம்பத்தில் அது உங்கள் கையில் இருக்காது என்றே வைத்துக்கொள்ளுங்கள். எப்போது, எவ்வளவு நேரம் பேசலாம் என்பதை மையம் முடிவு செய்யும். கிளம்புவதற்கு முன் முக்கியமான நான்கு எண்களை மனப்பாடம் செய்யுங்கள். அம்மாவின் எண்ணே தெரியாத தலைமுறை உங்களுடையது. சொன்னால் கோபம் வரும், சோதித்துப் பாருங்கள். இன்லேண்டு லெட்டர் 2 ரூபாய் 50 காசு. அதற்குச் சார்ஜ் போட வேண்டாம்.

? 1.6 கிலோமீட்டரை ஐந்தரை நிமிடத்துக்குள் ஓடி முழு 60 மதிப்பெண் வாங்கினேன். இனி என்ன பயிற்சி வேண்டியிருக்கிறது?
– ஓட்டக்காரன், சிவகங்கை

அந்த ஓட்டத்தை மறந்துவிடுவதுதான் முதல் பயிற்சி. பட்டாளத்தில் பி.பி.இ.டி. என்றொரு உடல்திறன் தேர்வு காத்திருக்கிறது. முதுகில் சுமை, கையில் ரைபிள், காலில் பூட்ஸ், தூரம் 5 கிலோமீட்டர். அது போதாதென்று 60 மீட்டர் வேக ஓட்டம், செங்குத்துக் கயிறு, கிடைமட்டக் கயிறு, 9 அடிப் பள்ளம் தாண்டல். அரைக்கால் சட்டையில் மான் மாதிரி ஓடியவர்கள் பூட்ஸ் போட்டதும் நொண்டுவது அங்கே வாடிக்கை.

புதிதாகச் சேர்ந்தவர்களைப் படுக்க வைப்பது பெரும்பாலும் முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பில் வரும் வலி. அதை அலட்சியம் செய்தால் எலும்பில் மயிரிழை விரிசல். காரணம் திடீர்ச் சுமை. தேர்வில் ஜெயித்த சந்தோஷத்தில் இரண்டு மாதம் பிரியாணியும் சினிமாவுமாகக் கிடந்துவிட்டு, போன முதல் வாரமே முழு வேகத்தில் குதிப்பவர்களுக்குத்தான் இது அதிகம் வருகிறது. இப்போதிலிருந்து ஓட்டத்தை வாராவாரம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். தார்ச்சாலையை விட்டு மண் தரையில் ஓடுங்கள். வெறுங்காலில் ஓடிப் பழகியவரானால், கனமான பூட்ஸ் ஒன்றைப் போட்டுக்கொண்டு தினமும் நடந்து பழகுங்கள். பால், முட்டை, கேழ்வரகு தாராளமாகச் சாப்பிடுங்கள். வாரத்தில் ஒருநாள் காலுக்கு விடுமுறை கொடுங்கள்.

கயிறு ஏற நம் ஊரில் கோச்சிங் சென்டரைத் தேட வேண்டாம். வேப்பமரமும் கிணற்றுக் கயிறும் போதும். கீழே மணல் கொட்டிவைத்துவிட்டு ஏறுங்கள்.

? ஜிம் மாஸ்டர் ஒரு ஊசி போட்டால் ஸ்டாமினா ஏறும் என்கிறார்...
– பலசாலி, சேலம்

ஏறுவது அவர் கல்லாப்பெட்டி. ஊக்கமருந்து பிடிபட்டால் ராணுவக் கதவு அங்கேயே சாத்தப்படும். மாஸ்டரை மாற்றுங்கள்.

? காதில் குரும்பி, பல்லில் சொத்தை. மறுபடி மருத்துவப் பரிசோதனை உண்டா?
– கவலைக்காரன், நாகர்கோவில்

இருக்கும் என்று நினைத்தே தயாராகுங்கள். காதை டாக்டரிடம் சுத்தம் செய்யுங்கள். சாவி, ஹேர்பின் எல்லாம் வேண்டாம். பல்லை இங்கேயே அடைத்துவிடுங்கள். ஆஸ்துமா மாதிரி எதையாவது மறைத்துக்கொண்டு போகிற எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள். அங்கே மூச்சு வாங்கும்போது அது தானாகவே உண்மையைச் சொல்லிவிடும்.

? எனக்கு ஹிந்தி சுத்தமாக வராது. கமாண்ட் புரியாமல் நின்றால் உதை விழுமா?
– தமிழன்டா, மதுரை

நெஞ்சை நிமிர்த்தி நில்லுங்கள். அதற்குப் பெயர் “சாவ்தான்”. காலை அகட்டி நில்லுங்கள், “விஸ்ராம்”. வலப்பக்கம் திரும்பினால் “தஹினே முட்”, இடப்பக்கம் “பாயே முட்”, நிற்கச் சொன்னால் “தம்”. கையெழுத்துப் போடுவதற்குள் ஐந்து கற்றாயிற்று. கூடவே ஒன்று முதல் நூறு வரை எண்ணப் பழகுங்கள், எண்களால்தான் அங்கே பாதி வாழ்க்கை. சொல்லித் தருபவரை “உஸ்தாத்” என்று கூப்பிட வேண்டும். அவர் ஹிந்தியில் இலக்கணம் பார்க்க மாட்டார். காலைத் தரையில் ஓங்கி அடித்தீர்களா என்றுதான் பார்ப்பார்.

தப்புச் செய்தால் புல்தரையில் உருள வேண்டியிருக்கும். ஹிந்தி தாய்மொழியாக உள்ளவனும் பக்கத்திலேயே உருளுவான், கவலை வேண்டாம்.

? தமிழ்நாட்டுப் பையன் என்றால் வெலிங்டனுக்குத்தானே போடுவார்கள்?
– ஊட்டி ஆசை, தஞ்சாவூர்

மெட்ராஸ் ரெஜிமெண்ட் கிடைத்தால் நீலகிரி வெலிங்டன். 1758-இல் தொடங்கிய படை. “வீர மதராஸி, அடி கொல்லு” என்று தமிழில் போர்முழக்கம் கேட்கும். பொறியாளர் படையான மெட்ராஸ் சாப்பர்ஸ் என்றால் பெங்களூரு. அங்கே வீரர்களுக்கே செல்லப்பெயர் “தம்பி”, எந்த மாநிலத்தான் ஆனாலும் சரி. பீரங்கிப் படைக்கு நாசிக் அல்லது ஹைதராபாத். சிக்னல்ஸ் என்றால் ஜபல்பூராக இருக்கலாம். அங்கேயும் டிசம்பர் இரவுகளில் குளிரும். எங்கே என்பது தெரிந்த பிறகு ஸ்வெட்டர் வாங்குங்கள்.

? காசிக்கயிறு, தாயத்து, தங்கச் சங்கிலி போட்டுக்கொள்ளலாமா?
– பாட்டி, சங்கரன்கோவில்

சங்கிலியை நீங்களே கழற்றி வாங்கிக்கொள்ளுங்கள் பாட்டி. சட்டைக்குள் இருப்பதைச் சாமி பார்த்துக்கொள்ளும். மணிக்கட்டில் இருப்பதை உஸ்தாத் பார்த்துக்கொள்வார்.

? எங்கள் மகளும் போக ஆசைப்படுகிறாள்.
– ஆசிரியர் தம்பதி, கரூர்

அனுப்புங்கள். ராணுவ போலீஸ் பிரிவில் பெண்களுக்குச் சிப்பாய் நிலையில் இடமுண்டு. முதல் அணி 83 பேர், 2021 மே மாதம் பெங்களூரில் பயிற்சி முடித்தார்கள். பட்டம் முடித்தவரானால் நேரே அதிகாரியாகவே முயலலாம். சென்னை பரங்கிமலை அதிகாரிகள் பயிற்சி அகாடமியில் 1992 முதல் பெண்கள் பயிற்சி பெறுகிறார்கள். கொண்டுபோகும் சில்லறைச் சாமான் பட்டியல் ஏறக்குறைய அதேதான்; கூடவே சானிட்டரி நாப்கினை முதல் சில மாதங்களுக்குச் சேர்த்து வையுங்கள்.

? வீட்டில் அவன் ஒரு டம்ளரைக்கூட எடுத்து வைத்ததில்லை. அங்கே எப்படிச் சமாளிப்பான்?
– பெயர் வெளியிட விரும்பாத அப்பா, ஆரணி

சமாளிப்பான், கொஞ்சம் அழுதுவிட்டு. என்னைக் கேட்டால் ஓட்டத்தைவிட இதற்குத்தான் தயாரிப்பு வேண்டும். விடியலுக்கு முன் எழுந்து, படுக்கையை மடித்து, சவரம் செய்து, பாலிஷ் போட்டு, வரிசையில் நிற்கக் கிடைப்பது சொற்ப நேரம். நாளையிலிருந்து நாலரை மணிக்கு அவனை எழுப்புங்கள். தன் துணியைத் தானே துவைத்து, தானே தேய்த்து, அறுந்த பொத்தானைத் தானே தைக்கட்டும். மீசை அரும்பாதவனும் தினசரி சவரம் செய்து பழகட்டும். சாப்பாட்டைப் பத்து நிமிடத்தில், குறை சொல்லாமல் முடிக்கட்டும்.

உங்கள் பக்கத்திலேயே, வேலூரை அடுத்து, கம்மவான்பேட்டை இருக்கிறது. முதல் உலகப் போர்க் காலத்திலிருந்தே பட்டாளத்துக்கு ஆள் அனுப்பும் ஊர். “ராணுவப்பேட்டை” என்றே பெயர். ஒரு ஞாயிற்றுக்கிழமை பையனோடு போய், திண்ணையில் உட்கார்ந்திருக்கும் எந்தப் பெரியவரையும் கேளுங்கள். என் பதிலைவிட நன்றாகச் சொல்வார், இலவசமாக.

? நான்கு வருடம் கழித்து 4 பேரில் 3 பேரை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களாமே. பிறகு எதற்கு இந்தப் பாடு?
– நண்பர்கள் குழு, தர்மபுரி

உண்மைதான். 2022 ஜூனில் இந்த அக்னிவீர் திட்டத்தை அறிவித்தபோதே, அதிகபட்சம் 25 சதவீதம் பேரைத்தான் நிரந்தரமாக எடுப்போம் என்று சொல்லிவிட்டார்கள். எனக்கும் அந்த ஏற்பாட்டில் முழுத் திருப்தி கிடையாது; இருபத்திரண்டு வயதில் மறுபடி வேலை தேடுவது சின்ன விஷயமல்ல. ஆனால் கணக்கைத் தெரிந்துகொண்டு போங்கள். முதல் வருடச் சம்பளம் மாதம் 30,000 ரூபாய். கையில் வருவது 21,000. பிடிக்கும் 9,000-க்கு இணையாக அரசும் போடும். நான்கு வருட முடிவில் வட்டியோடு சுமார் 11.71 லட்சம், வருமான வரி இல்லாமல். பணிக்காலத்தில் 48 லட்சத்துக்கு ஆயுள் காப்பீடு. நிரந்தரமாக எடுப்பது நான்கு வருடச் செயல்பாட்டை வைத்துத்தான். ஆகவே பயிற்சி மைதானத்தில் வாங்கும் பெயரும் அந்தக் கணக்கில் சேரும். ஓய்வு நேரத்தில் படிப்பைத் தொடருங்கள்.

? பேரனின் கசம் பரேடுக்கு (உறுதிமொழி அணிவகுப்பு) குடும்பத்தோடு போகிறோம். மேட்டுப்பாளையத்திலிருந்து மலை ரயிலிலேயே போய்விடலாமா? வெலிங்டனில் ஸ்டேஷன் இருக்கிறதாமே!
– தாத்தா, பொள்ளாச்சி

ஸ்டேஷன் இருக்கிறது, அழகான ஸ்டேஷன். ஆனால் ரயில் மேட்டுப்பாளையத்தை விட்டுக் கிளம்புவதே காலை ஏழு மணிக்கு மேல். குன்னூர் வரை பல்சக்கரத்தில் ஏறிச் சேர்வதற்குப் பத்து மணி தாண்டிவிடும். பரேடு பெரும்பாலும் காலையிலேயே முடிகிற விஷயம். பேரன் தேசியக் கொடியின் முன் உறுதிமொழி எடுக்கும் நேரத்தில் நீங்கள் பாதி மலையில் குரங்குக்குக் கடலை போட்டுக்கொண்டிருப்பீர்கள். பல மையங்களில் அன்று பெற்றோருக்கும் ஒரு பதக்கம் அணிவித்துக் கௌரவிக்கிறார்கள், அதைத் தவறவிடாதீர்கள்.

முந்தின நாளே பஸ்ஸில் குன்னூர் போய்த் தங்குங்கள். எல்லோரும் ஆதார் அட்டை, சால்வை, குடை எடுத்துப் போங்கள். மலை ரயிலை ஊர் திரும்பும்போது வைத்துக்கொள்ளலாம். சீட்டு சீக்கிரம் தீர்ந்துவிடும், இன்றைக்கே பதிவு செய்துவிடுங்கள்.