எல்லைப்புறத்து அண்ணன்

கல்லூரி விடுதி என்ற ஒன்று எங்கே ஏற்பட்டாலும் அதில் சில பிரகிருதிகள் விதைக்காமலே முளைத்துவிடுவார்கள் என்பதை, தாம்பரத்துக் கிறிஸ்தவக் கல்லூரியின் சேலையூர், செயின்ட் தாமஸ், பிஷப் ஹீபர் ஆகிய ஹால்களில் வாசம் செய்தவர் எவரும் மறுக்கமாட்டார். 1937-ல் அந்தக் கல்லூரி பட்டணத்தை விட்டுத் தாம்பரத்துக் காட்டுக்குக் குடிபெயர்ந்த நாள் முதல், சோப்பை இரவல் வாங்கி உறையை மட்டும் நாணயமாகத் திருப்பித் தருகிறவரும், பரீட்சைக்கு முன்தினம் மாத்திரம் ஆலயத்தில் முதல் வரிசையில் முழங்காலிடுகிறவரும் அங்கே தலைமுறை தவறாமல் அவதரித்துவருகிறார்கள். ஆனால் நான் சொல்லவந்த ஆசாமி தாம்பரத்தில் அகப்படமாட்டார். அவர் உற்பத்தியாவதற்கு மேற்கு மலையின் ஈரமும், ஒரு மாநில எல்லையும், மலையாளம் பேசும் வார்டன் அச்சன், அதாவது பாதிரியார், ஒருவரும் இன்றியமையாதவை.

கோட்டயத்திலிருந்து குமுளிக்குப் போகும் மலைப்பாதை மூச்சு வாங்கி நிற்கும் குட்டிக்கானத்தில், காஞ்சிரப்பள்ளி மறைமாவட்டத்தார் 1995-ல் மரியன் கல்லூரியைத் தொடங்கினார்கள். அதற்குப் பல ஆண்டுகள் முன்பே, 1964-ல், பாலக்காட்டில் பெண்களுக்கென்று மெர்சி கல்லூரி ஏற்பட்டிருந்தது. இப்படி இடுக்கி, பாலக்காடு ஆகிய இரண்டு ஜில்லாக்களிலும் சிறிதும் பெரிதுமாகக் கிறிஸ்தவக் கல்லூரிகள் இருக்கின்றன. வண்டிப்பெரியாற்றுத் தேயிலைத் தோட்டத்து லயங்களிலிருந்தும், கம்பம், கூடலூரிலிருந்தும், அந்தப் பக்கம் சித்தூர்த் தாலுகாவின் கொழிஞ்சாம்பாறையிலிருந்தும் தமிழ்ப் பிள்ளைகள் பெட்டி படுக்கையோடு இத்தகைய விடுதிகளுக்கு வந்து இறங்குகிறார்கள். அவர்களுக்கு முன்பே வந்து, வாசலுக்கு அருகில் உள்ள அறையைப் பிடித்துக்கொண்டு வீற்றிருப்பவர்தான் நம் எல்லைப்புறத்து அண்ணன். எந்தக் கல்லூரி விடுதி என்று வாசகர்கள் விசாரிக்க வேண்டாம். ஒரே விடுதியில் மட்டும் இருக்கக்கூடிய ஆசாமியாக இருந்தால் அவரைப் பற்றி எழுதும் சிரமத்தை நான் மேற்கொண்டிருக்கமாட்டேன். பெண்கள் விடுதிகளில் இவருக்குச் சகோதரி முறையில் ஒருத்தி உண்டு என்று கேள்வி.

அண்ணனுடைய பாட்டனார் தேயிலைக் கொழுந்தின் காலத்தில் மலையேறியவர். 1956-ல் மொழிவாரியாக ராஜ்யங்களைப் பிரித்தபோது தேவிகுளமும் பீர்மேடும் யாருக்கு என்று பெரிய வியவகாரம் நடந்து, கடைசியில் இரண்டும் கேரளத்தின் பங்குக்குப் போயின. சரித்திர ஆசிரியர்கள் இதை ஒரு தகராறாகக் கருதலாம்; அண்ணனோ இதைத் தமக்காகச் செய்யப்பட்ட ஓர் ஏற்பாடாகவே கருதுகிறார். தமிழர் நடுவே அவர் மலையாளி, மலையாளிகள் நடுவே தமிழர். இந்த இரட்டைப் பிரஜா உரிமையை அவர் வீணாக்கியதே கிடையாது.

புது மாணவன் மெஸ்ஸில் உட்கார்ந்த முதல் நாளிலேயே அவருடைய பரோபகாரம் ஆரம்பமாகிவிடும். சின்னமனூர்ப் பையன் ஒருவன் தம்ளரைத் தூக்கிப் பார்த்துத் திகைத்துப்போய், "அண்ணே, தண்ணி செவசெவன்னு இருக்கே, டேங்குல என்னமும் செத்துக் கெடக்கா?" என்பான்.

"போடா, அது பதிமுகம். மரக்கட்டையப் போட்டுக் காய்ச்சுறது. ரத்தத்துக்கு நல்லது. குடி."

பையன் குடிப்பான். அடுத்தாற்போல் பருமனும் சிவப்புமாய் மட்டை அரிசிச் சோறு வரும். பையனுக்குக் கண் கலங்கும். அந்தச் சந்தர்ப்பத்தை எதிர்பார்த்தே அண்ணனுடைய அலமாரியில், வீட்டு நார்த்தங்காய் ஊறுகாய் பாட்டில் பாட்டிலாக அணிவகுத்திருக்கும். விலை அதிகமில்லை. ஆனால் விலை இல்லாமலும் இல்லை.

மொழி விஷயத்தில் அவருக்கு உள்ள சாமர்த்தியம் பண்டிதர்களுக்கும் வராது. விடுமுறை கேட்கும்போது "அச்சா" என்று தொடங்கி அவர் பேசும் மலையாளத்தைக் கேட்டால், பாலாயில் பிறந்தவரே ஒரு நிமிஷம் வெட்கப்படுவார். அதே வார்டன், மெஸ் பாக்கியைப் பற்றி வாயெடுத்தால் போதும், அந்த மலையாளம் முழுவதும் க்ஷணத்தில் ஆவியாகிவிடும். எஸ்டேட்டுத் தமிழைத் தவிர வேறொன்றும் அறியாத ஏழைப் பிள்ளை ஒன்று கைகட்டி நின்று, "ஃபாதர், வெளங்கலையே" என்று விழிக்கும். தமிழ்ப் பையன்கள் கொடுத்த கடனைக் கேட்டு வந்தாலோ வித்தை மறுபுறம் திரும்பும்: "எந்தா மோனே?"

ஞாயிற்றுக்கிழமைகளில் இந்த ஞானம் அவருடைய ஆன்மாவுக்கும் பயன்படுகிறது. விடுதிச் சிற்றாலயத்தில் மலையாளத்தில் குர்பானா என்னும் பூசை நடக்கும். எஸ்டேட்டுப் பக்கம் தமிழில் பூசை உண்டு. தாய்மொழியில் ஜெபித்தால்தான் மனம் உருகுகிறது என்று அச்சனிடம் விஞ்ஞாபனம் செய்துகொண்டு, தமிழ்ப் பூசைக்குப் போக அனுமதி பெற்றுவிடுவார். தமிழ்ப் பூசைக்குப் புறப்படும் தோழர்களிடமோ, அச்சன் தம்மை விடமாட்டேன் என்கிறார் என்று பெருமூச்சு விடுவார். இந்த இரண்டு பூசைகளுக்கும் இடையில், போர்வையை இழுத்து மூடிக்கொண்டு, குட்டிக்கானத்துப் பனியில் ஒன்பது மணி வரை அவர் அடையும் நிஷ்டை வேறு எவருக்கும் கிட்டாதது.

இரவு ஸ்டடி முடிந்ததும் வராந்தாவில் சபை கூடும். மற்ற ஊர் விடுதிகளில் சினிமாவும் கிரிக்கெட்டும் பேசப்படும். இங்கே முல்லைப் பெரியாறு. 1886-ல் 999 வருஷத்துக்கு எழுதிக்கொடுத்த குத்தகையில் தொடங்கி, 1895-ல் பென்னிகுயிக் அணையைக் கட்டிமுடித்தது வரை சபையில் எல்லாருக்கும் மனப்பாடம். சங்கடம் தண்ணீர் மட்டத்தில்தான் ஆரம்பிக்கும். கட்டப்பனைக்காரர்கள் 120 அடிக்கு மேல் ஒரு அங்குலமும் கூடாது என்பார்கள். கம்பத்துக்காரர்கள் முழுசாக 152 அடி வேண்டும் என்று எழுந்து நிற்பார்கள். 2011 டிசம்பரில் குமுளி வழியாகப் பஸ் ஓடாமல் நின்றுபோனதே, அந்த நாட்களில் இந்தச் சபை எந்த உஷ்ணத்தில் இருந்திருக்கும் என்று ஊகித்துக்கொள்ளலாம். இரண்டு கட்சிக்கும் குரல் கம்மிய பிறகே அண்ணன் வாய் திறப்பார். இரண்டையும் கூட்டி, இரண்டால் வகுத்து, 136 என்று தீர்ப்புச் சொல்லுவார். வெகுகாலமாக அணையில் அனுமதிக்கப்பட்டிருந்த மட்டமும் அதுவே என்பதால், அவருக்கு என்ஜினீயரிங் தெரியும் என்ற கீர்த்தி அன்றிரவே விடுதி முழுவதும் பரவிவிட்டது. 2014-ல் உச்ச நீதிமன்றம் 142 அடிக்கு அனுமதி கொடுத்த பின் அந்த ஸ்தானத்துக்கு வந்த அடுத்த அண்ணன், பழைய கணக்கில் மேற்கொண்டு ஆறு அடியைச் சேர்த்துக்கொண்டார். வகுத்தல் அதே வகுத்தல்தான்.

இவருடைய வியாபாரத் துறையை விஸ்தாரமாகச் சொல்ல இடமில்லை. ஓணத்துக்குப் பூக்களம் போடச் செண்டுப்பூ வேண்டுமென்றால், தேனி ஜில்லாவிலிருந்து மலிவாகத் தருவித்துத் தர அவரைவிட்டால் ஆள் ஏது? கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர்த் திராட்சை மேலே ஏறும். பலாப்பழமும் நேந்திரங்காய் வறுவலும் கீழே இறங்கும். பூக்கணக்கை மாத்திரம் எந்தக் கமிட்டியும் தணிக்கை செய்ததாக வரலாறு இல்லை. ஆனாலும், நியாயமாகச் சொல்லவேண்டும்: பாதி ராத்திரியில் ஒரு பையனுக்குக் காய்ச்சல் முற்றினால், ஜீப்பு யாரிடம் இருக்கிறது, ஆஸ்பத்திரியில் எந்தப் பாஷையில் பேசினால் காரியம் நடக்கும், ஊரில் இருக்கும் தாயாரிடம் எதைச் சொல்லக்கூடாது என்பதெல்லாம் அறிந்த ஒரே மனிதர் அவர்தான். அந்தக் கூலியை அவர் கணக்கில் எழுதுவதில்லை.

ஒரு சமயம் அவருடைய ஜீவனத்துக்கே ஒரு சோதனை வந்தது. ஓணத்துக்கு எல்லாருடனும் பத்து நாள், கிறிஸ்துமஸுக்கு எல்லாருடனும் பத்து நாள், பொங்கலுக்குத் தாம் மட்டும் மூன்று நாள் என்று வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தவர் அவர். கேரள அரசாங்கம் இடுக்கி, பாலக்காடு உட்பட ஆறு எல்லைப்புற ஜில்லாக்களுக்குப் பொங்கலன்று உள்ளூர் விடுமுறை விட ஆரம்பித்ததும், அவருடைய ஏகபோக உரிமை மண்ணாய்ப் போயிற்று. சர்க்காரே எல்லாருக்கும் கொடுப்பதில் அண்ணனுக்கு மட்டும் என்ன தனிப் பெருமை? ஒரு வாரம் சாப்பாடு செல்லவில்லை.

பிறகு மங்கலதேவியை நினைத்துக்கொண்டார். குமுளிக்கு மேலே, பெரியாற்றுப் புலிக் காட்டுக்குள், வருஷத்தில் சித்திரா பௌர்ணமி ஒரே நாள் மட்டும் திறந்துவிடும் கண்ணகி கோயில். இடுக்கி, தேனி ஆகிய இரண்டு ஜில்லா அதிகாரிகளும் கூடிப் பேசித் திருவிழாவை நடத்த, கேரளத்துப் பக்கமிருந்து ஜீப்பிலும் தமிழ்நாட்டுப் பக்கம் பளியன்குடியிலிருந்து கால்நடையாகவும் ஜனங்கள் ஏறுகிறார்கள். அந்தத் திருவிழாவுக்கு இரண்டு நாள் விடுமுறை கேட்டு அண்ணன் எழுதிய மனுவைப் படித்த அச்சன் கண்ணாடியைக் கழற்றினார்.

"கோயில் திறப்பது ஒரு நாள். உனக்கு எதற்கடா இரண்டு நாள்?"

"ஃபாதர், அந்த இடம் கேரளாவுக்கா தமிழ்நாட்டுக்கான்னு இன்னும் தீரலை. குமுளி வழியா ஏறுறதுக்கு இங்கத்தக் கணக்குல ஒரு நாள், பளியன்குடி வழியா இறங்குறதுக்கு அங்கத்தக் கணக்குல ஒரு நாள்."