இழை பிரிக்கும் ஊரில்

பட்டுக்கும் அரிசிக்கும் கீர்த்தி பெற்ற ஆரணியிலே, பாவில் ஓடும் ஆயிரக்கணக்கான இழைகளுள் ஒன்று அறுந்தாலும் விரல் நுனியாலேயே கண்டு முடிந்துவிடும் நெசவாளரும், படியரிசியில் ஒளிந்த ஒற்றைக் கல்லை முறத்தின் ஓர் அசைவில் ஓரங்கட்டிவிடும் இல்லத்தரசியாரும், குப்பைத் தொட்டியின் சந்நிதிக்கு வந்தவுடன் மட்டும் அத்வைதிகளாகி, வாழையிலைக்கும் பிளாஸ்டிக் உறைக்கும் பேதமில்லை என்னும் பரம ஞானத்தை எய்திவிடுவது பெரிய அதிசயந்தான். நானும் அதற்கு விலக்கல்லேன்.

மட்குவது, மட்காதது, வீட்டு அபாயக் கழிவு என மூன்றாகப் பிரித்துக் கொடுக்கும் கடமையை 2016-ஆம் ஆண்டுத் திடக்கழிவு மேலாண்மை விதிகள் நம் தலையில் சுமத்தின. நாமோ அதனை வெகு தாராளமாகத் தூய்மைப் பணியாளரின் கைக்கே தானம் செய்துவிட்டோம். காலாவதியான மாத்திரையும், உடைந்த ட்யூப்லைட்டும், நேற்றைய சாம்பாரும் ஒரே பந்தியில் அமர்ந்து அவரிடம் போய்ச் சேருகின்றன. அந்தக் கலவையைப் புதைத்தால் மீத்தேன், கொளுத்தினால் டயாக்ஸின், வீசியெறிந்த கொட்டாங்கச்சியில் மழைநீர் தேங்கினாலோ, டெங்குவைச் சுமக்கும் ஏடிஸ் கொசுவுக்குப் பத்தே நாளில் வம்சவிருத்தி.

“வண்டியிலே எல்லாம் ஒன்றாகத்தானே சேரப்போகிறது, ஐயா?” என்றார் பக்கத்து வீட்டுத் தறிக்காரர்.

“சேலையிலும் எல்லா இழையும் ஒன்றாகத்தானே சேரப்போகிறது, பாவையும் ஊடையையும் பந்தாகச் சுருட்டித் தறியில் வைப்பீரோ?” என்றேன்.

மறுநாளே அவர் வாசலில் பச்சையொன்றும் நீலமொன்றுமாக இரண்டு வாளிகள் வந்து நின்றன. பச்சையில் துளசி வைத்திருக்கிறார், நீலத்தில் சாமந்தி.